நெருப்புக் கோளின் கதவு

உலகத்தில் சுகன்யாவுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு சினிமாவின் கடைசிக் காட்சி.

மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குச் சந்தேகம். வீட்டைப் பூட்டிக்கொண்டு சேவூர்த் தெருமுனை வரை வண்டியில் போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் அவளுக்கு வேலை. சேலைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்கவேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டை குத்துவார்கள். ஒரு கட்டம் தப்பினால் அட்டையில் ஒரு துளை தப்பும். அந்த ஒரு துளை சேலை நெடுக, முழத்துக்கு முழம், தன் தப்பைக் காட்டிக்கொண்டே போகும். ஆகவே ஒரு மயில் டிசைனைக் கட்டம் கட்டமாக நாலு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். அனுப்பிய பிறகு ஐந்தாவது முறை எண்ணுவாள்.

அப்படிப்பட்டவள் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தது இது மூன்றாவது தடவை. முதலில் டைப்ரைட்டிங். மாஸ்டர் ஒரு தாளில் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. அடுத்தது கணினிக் கணக்கு. அங்கே எழுந்து நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள், தப்பாகிவிட்டது, அத்தோடு அதுவும் போயிற்று. இப்போது ஆங்கிலப் பேச்சு வகுப்பு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி, பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறரையிலிருந்து எட்டு வரை. இதையும் விட்டால் இனி எதிலும் சேருவதில்லை என்று தன் டைரியில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள்.

டைரி எழுதவைத்தது அந்த வகுப்புதான். தினமும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிவர வேண்டும் என்று ஆசிரியர் தென்னரசு சொல்லியிருந்தார். சுகன்யா பத்து வரியை எழுதி முடித்து, அதற்குக் கீழே, ஆங்கிலத்தில் வராததையெல்லாம் தமிழில் எண் போட்டு எழுதுவாள். பெரும்பாலும் தமிழ்ப் பகுதிதான் நீளமாக இருந்தது.

படிப்பு முடியும் வாரத்தில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் எழுந்து பேசவேண்டும். தலைப்பு அவரவர் விருப்பம். சுகன்யா நன்றாக யோசித்து, தனக்குச் சந்தேகமில்லாத அந்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டாள். தமிழில் குரல் கொடுத்து வந்த ஓர் அயல்நாட்டுப் படம், ‘நெருப்புக் கோள் – 2’. ஏழு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் பதினோரு முறை பார்த்தது. தலைப்பு: ‘நான் பார்த்ததிலேயே சிறந்த முடிவு.’

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. இரண்டு நிமிடத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும், தமிழ் கலந்தாலும் பரவாயில்லை என்றார் தென்னரசு. சுகன்யா எழுந்தாள்.

“டாக்டர் கெல்னு ஒருத்தர், சார். மனுஷன் இல்ல, எந்திரம். லீனான்னு ஒரு பொண்ண நெருப்புக் கோள்லேர்ந்து காப்பாத்தறதுக்காகச் செத்துப் போயிடுறாரு. அப்புறம் கடைசியில ரெண்டு பேரும் மணல்ல நடந்து வராங்க. பெரிய கதவு ஒண்ணு. அது திறக்குது. உள்ளேர்ந்து வெளிச்சம். அவ்ளோதான், படம் முடிஞ்சிடுது. உள்ள இன்னா இருக்குதுன்னு காட்டவே மாட்டாங்க.”

முன்வரிசையிலிருந்த கோகுல்ராஜ் கையைத் தூக்கினான். மொபைல் கடையில் வேலை செய்பவன்; உலகத்துச் சினிமா பூராவும் அவன் போனுக்குள் இருக்கிறது என்று பேர்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கதவு பாதிப் படத்துல வர்றதுங்க. அதுக்கப்புறம்தான் சண்டையே.”

“இல்லீங்க. டாக்டர் செத்ததுக்கு அப்புறம்தான் அந்தக் கதவு.”

“செத்தவரு எப்படிங்க மணல்ல நடந்து வருவாரு?”

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. தேநீர் வரும் நேரத்துச் சிரிப்பு. சேத்துப்பட்டிலிருந்து வரும் மருந்துக் கடைக்காரர்கூட, “ஆவியா வந்திருப்பாரு, விடுப்பா,” என்று சமாதானம் சொன்னார். தென்னரசு, “ஒரு தடவ படத்தைப் பாத்துட்டு வந்துடுங்க சுகன்யா, திங்கக்கிழமை நீங்க மூணாவது,” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். சுகன்யா உட்கார்ந்தாள். காது இரண்டும் கொதித்தன.

அன்றைய டைரியில் ஆங்கிலம் நான்கு வரியோடு நின்றுவிட்டது. கீழே தமிழில் இப்படி இருந்தது:

1. கோகுல்ராஜ் தப்பாகச் சொல்கிறார்.
2. நான் தப்பாகச் சொல்கிறேன்.
3. ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன.
4. இரண்டாவது சரியென்றால், பதினோரு முறை பார்த்ததையே தப்பாகப் பார்த்தவள் வேறு எதைச் சரியாகப் பார்த்திருப்பாள்?

நான்காவதை அடித்தாள். பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினாள்.

புதன்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வியாழனும் வெள்ளியும் போகவில்லை. தென்னரசுக்கு அனுப்புவதற்காகப் போனில், ‘சார், நான் வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறேன்’ என்று தட்டினாள். ‘நின்றுகொள்கிறேன்’ என்பது மரியாதையாக இல்லையோ என்று ‘விலகிக்கொள்கிறேன்’ என்று மாற்றினாள். காரணம் சொல்லாமல் எப்படி என்று ஒரு காரணம் சேர்த்தாள். காரணம் பொய்யாக இருந்ததால் எடுத்துவிட்டாள். இப்படித் திருத்தித் திருத்தி அந்தச் செய்தி வெள்ளிக்கிழமை தாண்டியும் போகாமலே கிடந்தது.

படத்தையும் தேடாமல் இல்லை. இணையத்தில் தமிழ்க் குரலில் எங்கும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு நிமிட முன்னோட்டம் இருந்தது. அதில் எல்லாம் வெடித்தன, கதவு வரவில்லை. சனிக்கிழமை பீரோவைத் திறந்து, அம்மாவின் புடவைகளுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். கல்யாணப் பத்திரிகைகள், எக்ஸ்ரே படம், பழைய ரேடியோவின் உத்தரவாத அட்டை. கடைசியில் ஒரு காகித உறைக்குள் அந்தச் சிடி.

“இன்னாடி கொட்டிகினு இருக்கிற?” என்றாள் அம்மா அபிதகுசாம்பாள்.

“ஒரு சிடிமா.”

“கிளாசுக்குப் போற நேரத்துல சிடி தேடுற. இதையும் வுட்டுட்டியா?”

“இன்னும் விடல.”

“இன்னும்னா?”

சுகன்யா சிடியை உறையிலிருந்து எடுத்தாள். சிடியின் முகத்தில் அப்பா தன் பெயரை எழுதி ஒட்டிய வெள்ளைத் துண்டு அப்படியே இருந்தது: ‘வேலு வீடு’.

அந்தத் துண்டுக்கு ஒரு கதை உண்டு. சுகன்யாவுக்கு ஏழு வயதாயிருந்தபோது மின்வெட்டு என்றால் அப்படி ஒரு மின்வெட்டு. மத்தியானத்தில் மூன்று மணி நேரம் கரண்டு இருந்தால் அது நல்ல நாள். படமோ இரண்டு சிடிகளில் வந்தது. சுகன்யா வீடும் எதிர்வீட்டுப் பரிமளா வீடும் சேர்ந்து வாங்கியது. இரண்டு வீட்டிலும் முன்னறை முழுக்கத் தறி. டிவி இருந்த உள்ளறையில் எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாது. லீவுக்கு வந்த பிள்ளைகளோடு சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏழெட்டுத் தலை. ஒரு வீடு பார்த்து முடிக்கும்வரை அடுத்த வீடு காத்திருந்தால் கரண்டு போய்விடும். ஆகவே அம்மாக்கள் இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு சிடி. ஒரே நேரத்தில் போடுவது. முடிந்ததும் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து நடுத்தெருவில் சிடியை மாற்றிக்கொள்வது. எல்லாம் முடிந்த பிறகு அவரவர் சிடி அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கீறல் விழுந்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியவேண்டுமல்லவா. அதற்குத்தான் அந்த வெள்ளைத் துண்டு.

பரிமளாவின் மகள் புஷ்பலதா சுகன்யாவைவிட ஒரு வயது பெரியவள். அதனால் சட்டம் போடும் உரிமை அவளுடையது. சிடி மாற்றும்போது யாரும் யாரிடமும் கதை சொல்லக்கூடாது, சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று எல்லாரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பதினோரு தடவையும் அவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டியபடி சிடிகளை மாற்றிக்கொண்டார்கள்.

சுகன்யா வீட்டில் சிடி போடும் டெக் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. எதிர்வீட்டில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிடியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

புஷ்பலதா ஒரு கிளினிக்கில் நர்ஸ். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே லீவு அன்றுதான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து, பரணிலிருந்து டெக்கை இறக்கினாள்.

“அத ஏண்டி எறக்குறீங்க, கரண்டு கிரண்டு அடிக்கப்போவுது,” என்றாள் பரிமளா அடுப்படியிலிருந்து.

“அடிச்சா ஊசி போட்டுக்கலாம், வுடும்மா.”

தூசியைத் துடைத்தார்கள். மூன்று வண்ண ஒயர்களைச் சொருக டிவிக்குப் பின்னால் ஓட்டை இருக்கிறதா என்று இருவரும் தரையில் படுத்துத் தேடினார்கள். இருந்தது. தட்டு வெளியே வந்து நின்றது. புஷ்பலதா தன் வீட்டுச் சிடியைத் தட்டில் வைத்தாள்.

“இது இல்லடி,” என்றாள் சுகன்யா. “என்னுதுதான் முதல்ல.”

“உன்னுது எப்படி முதல்ல வரும்?”

“எப்பவும் அதுதானே முதல்ல.”

“உங்க வீட்ல.” புஷ்பலதா சுகன்யாவின் கையிலிருந்த சிடியை வாங்கி, ‘வேலு வீடு’ என்ற துண்டை நகத்தால் சுரண்டினாள். பசை காய்ந்து போயிருந்ததால் துண்டு சருகுபோல உரிந்து வந்தது. அடியில் அச்சில் இருந்தது: இரண்டாவது சிடி.

சுகன்யா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எண்ணிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

“உனக்கு நெசமாவே தெரியாதா?” என்றாள் புஷ்பலதா. “நீ பின்பாதிய மொதல்ல பாக்கறன்னு எனக்குத் தெரியும்டி. உனக்கு அது தெரியாதுங்கறதுதான் எனக்குத் தெரியாது. பேரு எப்போ போட்டான் உனக்கு?”

“நடுவுல.”

“ஒரு மணி நேரம் கழிச்சா பேரு போடுவான்?”

“எல்லாப் படத்துலயும் ஒரு சண்ட முடிஞ்சுதானே பேரு போடுறான். இதுல பெரிய சண்டன்னு நெனச்சுகினேன்.”

புஷ்பலதா சிரித்த சிரிப்பில் பரிமளா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “இன்னா ஆச்சு?” என்றாள். “உன் புத்திசாலி எதிர்வீட்டுப் பொண்ணு படத்தத் தலைகீழா பாத்திருக்குது,” என்றாள் மகள். “பாத்தா பாத்துட்டுப் போவுது. ஒனக்கு அந்தப் பொறுமை உண்டா?” என்று சொல்லிவிட்டுப் பரிமளா உள்ளே போனாள்.

புஷ்பலதா முதல் சிடியைப் போட்டாள்.

பெயர்கள் வந்தன. சிவப்பு மணல் வந்தது. டாக்டர் கெல், லீனாவின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு தன் மணிக்கட்டை நீட்டினார். “உங்களுக்கு நாடி இல்லையே” என்று லீனா கேட்க, “தேடிப் பார், எங்காவது இருக்கும்” என்றார். இந்த இடம் வரும்போதெல்லாம் ஏழு வயதுச் சுகன்யாவுக்கு உடம்பு சிலிர்க்கும், ஏனென்றால் அவள் கணக்கில் அவர் ஏற்கெனவே ஒருமுறை செத்துவிட்டவர். இன்றைக்கும் சிலிர்த்தது. ஆனால் இவர் இன்னும் சாகவே இல்லை, இனிமேல்தான் சாகப்போகிறார் என்று இப்போது தெரிந்ததால் அது வேறு மாதிரிச் சிலிர்ப்பு.

படத்தில் குறையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மணல்மேடு துணியில் வரைந்த திரை. லீனாவுக்குக் குரல் கொடுத்தவர் நடுவயதுக்காரர். கெல்லின் கழுத்துக்குப் பின்னால் ஒரு ஒயர் தொங்கியது. இதையெல்லாம் அவள் மனதுக்குள் எண் போட்டு வைத்துக்கொண்டாள். ஒன்றும் அவளுக்குப் படத்தைக் கெடுக்கவில்லை.

எழுபத்து நான்காவது நிமிடம். மணலுக்கு நடுவில் கதவு. இருவரும் நடந்து அதன் முன்னால் போய் நிற்கிறார்கள். இரும்பு முனகுகிறது. இடுக்கில் ஒரு கோடாக வெளிச்சம் விழுந்து, விரிந்து, லீனாவின் முகத்தை மூடுகிறது. திரை நீலமாகிவிட்டது.

“இங்கதான்,” என்றாள் சுகன்யா.

“இங்க சிடி தீந்துடுச்சு. அதுக்கு மேல அதுல எடம் இல்ல.”

அப்படியானால் அந்த முடிவை ஒருவரும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு இயக்குநர் இல்லை. சுகன்யா பதினைந்து வருஷமாக மெச்சிக்கொண்டிருந்தது சிடியில் இடம் தீர்ந்துபோன ஒரு புள்ளி. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று அவள் எவ்வளவோ வைத்துப் பார்த்திருந்தாள். ஒரு வருஷம் கடல். ஒரு வருஷம் லீனாவின் அம்மா. பரீட்சையில் கோட்டை விட்ட வருஷம், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம்தான் என்று வைத்திருந்தாள்.

புஷ்பலதா இரண்டாவது சிடியைத் தட்டில் வைத்துவிட்டு விரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

“இரு,” என்றாள் சுகன்யா.

“இன்னா இரு?”

“இரு, ஒரு நிமிஷம்.” பிறகு, “சரி, போடு.”

திரை மூன்று விநாடி இருட்டாக இருந்தது. அப்புறம் சிவப்பு விளக்கு, நீண்ட நடைபாதை, ஊளையிடும் சங்கு, கண்ணாடிப் பேழைகளுக்குள் விழித்துக்கொள்ளும் சிப்பாய்கள். “ஓடு லீனா, திரும்பிப் பார்க்காதே.” சுகன்யாவின் உதடுகள் அந்த வசனத்தைக் கூடவே சொல்லின. இதற்கு அடுத்த வசனம் தெரியும், அதற்கு அடுத்ததும் தெரியும். இது அவள் படத்தின் ஆரம்பம். கதவுக்குப் பின்னால் இருந்தது இதுதான். கதவைப் பார்ப்பதற்கு முன்பே, பதினோரு முறையும், இதைத்தான் முதலில் பார்த்திருந்தாள்.

தறியில் அட்டைகளைச் சங்கிலியாகக் கோர்த்து மாட்டியிருப்பார்கள். கடைசி அட்டை போனால் அடுத்து முதல் அட்டை வரும். எந்த அட்டையிலிருந்து ஆரம்பித்தாலும் மயில் மயில்தான். அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து படம் பார்த்த பிள்ளைக்கு, கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்கவே தோன்றவில்லை போலிருக்கிறது.

படம் தன் உண்மையான முடிவுக்கு வந்தது. கெல் வாசலில் நின்று தன் உடம்பால் சிப்பாய்களைத் தடுத்தார். அவர் நெஞ்சில் எரிந்த விளக்கு அணைந்தது. லீனா மட்டும் தனியாகப் பூமிக்குத் திரும்பினாள். கொடி பறந்தது. கடைசியில் ஓடவேண்டிய பெயர்களைச் சிடிக்காரர்கள் வெட்டிவிட்டிருந்தார்கள்.

புஷ்பலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நர்சு வேலைக்கு வந்தும் இது மட்டும் என்னால தாங்க முடியல. ஒண்ணு சொல்லட்டுமா? ஒவ்வொரு தடவயும் நான் படம் முடிஞ்சு அழுதுகினு தெருவுக்கு வருவேன். நீ சிரிச்சுகினு வருவ. இவ்ளோ சின்னப் பொண்ணுக்கு இவ்ளோ கல்நெஞ்சான்னு நெனப்பேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுகினு இருந்தேன்.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா நாக்கு அழுகிடுமே.”

“அந்தச் சட்டத்தப் போட்டதே நீதான்டி.”

வீட்டுக்கு வந்த சுகன்யா டைரியை எடுத்தாள். முதல் மூன்று வரிகளுக்கு எதிரில் முடிவு எழுதினாள். ஒன்று, தப்பு. இரண்டு, சரி. மூன்றுக்கு வந்ததும் பேனா நின்றது. ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன என்பதைத் தப்பு என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒன்று ஓடியது, இந்தப் பக்கம் ஒன்று ஓடியது. நான்காவது வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு எதிரில் ஒன்றும் எழுதவில்லை. போனில் திருத்தித் திருத்தி வைத்திருந்த செய்தியைத் திறந்து, இன்னும் ஒரு சொல்லை மாற்றினாள். அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு ஜெராக்ஸ் கடைக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். மேலே போகலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கையில் கோகுல்ராஜ் வந்து சேர்ந்தான்.

“படம் பாத்தீங்களா?”

“பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி.”

“அப்ப தலைப்ப மாத்திட்டீங்களா?”

“இல்லீங்க,” என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் படியில் ஒதுங்கி வழிவிட்டான். முன்னால் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

மூன்றாவதாக அவள் பெயர் வந்தது. நாற்காலிகள் எல்லாம் திரும்பின. ஐந்து பக்கம் எழுதிவந்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். போன செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு என்பது முதல் வாக்கியம். அதைச் சொல்லிவிட்ட பிறகு அதற்கு மேல் பயப்பட மிச்சம் இல்லாததுபோல இருந்தது. இரண்டு வீடு, இரண்டு சிடி, மூன்று மணி நேரக் கரண்டு என்று சொன்னாள். ‘சத்தியம்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் வராமல் உள்ளங்கையில் அடித்துக் காட்டினாள், எல்லோருக்கும் புரிந்தது. கதவைச் சொன்னாள். சிடியில் இடம் தீர்ந்ததைச் சொன்னாள். யாரும் எடுக்காத ஒரு முடிவைத்தான் நான் பார்த்ததிலேயே சிறந்தது என்று இன்னமும் நினைக்கிறேன், இது சரியா என்று தெரியவில்லை என்றாள். காலங்களும் ஒருமை பன்மைகளும் எங்கெங்கோ போயின. தென்னரசு தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். அவர் குறிப்பது தெரிந்தது. தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் மருந்துக் கடைக்காரர் கை தூக்கினார். அவரும் ஆங்கிலத்தில் திக்கித் திணறித்தான் கேட்டார்: செத்தவர் திரும்பி வந்ததைப் பார்த்து அந்த வயதில் உங்களுக்குக் குழப்பமாக இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஐந்து பக்கத்தில் பதில் இல்லை. சுகன்யா யோசித்தாள். வகுப்பு காத்திருந்தது. முன்பென்றால் இந்த மௌனத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

“இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. “படத்தின் பெயரிலேயே ‘2’ இருந்ததே. இரண்டாம் பாகம் என்றால் போனவர்கள் திரும்பி வருவதற்காக எடுப்பது என்று நினைத்தேன்.”

அவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் கோகுல்ராஜ். சுகன்யாவின் காது சூடானது. ஆனால் நாற்காலியைத் தேடிக் கை போகவில்லை. பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. தென்னரசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“இன்னொண்ணு எடுத்துக்கறீங்களா, உக்காந்துடறீங்களா?”

“எடுத்துக்கறேன் சார்,” என்றாள் சுகன்யா. பின்வரிசைப் பக்கம் திரும்பி, கேள்வி சரியாகக் காதில் விழுவதற்காக ஓரடி முன்னால் வந்து நின்றாள்.